ஏழு மில்லிமீட்டர் புள்ளியும் மூன்று மாதக் காத்திருப்பும்

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட வரைக்கும் சொல்கிறேன். மான்செஸ்டருக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, நெஞ்சுவலி என்று எமர்ஜென்சிக்குப் போயிருக்கிறீர்கள், ரத்தக்கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க சிடி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், ரத்தக்கட்டி இல்லை, ஆனால் வலது நுரையீரலில் 7 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி தெரிந்திருக்கிறது. என்னவென்று கேட்டால் தெரியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார்கள். கோயம்புத்தூராக இருந்தால் மறுநாளே எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார்கள், லீவு போட்டு ஊருக்குப் போய்விடட்டுமா, அம்மாவிடம் சொல்லலாமா, விசாவுக்குச் சிக்கல் வருமா. இவ்வளவுதானே?

நான் டாக்டர் இல்லை, லெஸ்டரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இதே மாதிரி ஒரு புள்ளியோடு இரண்டு வருடம் ஓட்டியவன், அதனால் சொல்கிறேன். இதற்கென்று ஊருக்குப் போகாதீர்கள்.

அவர்கள் உங்களைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். அந்த மூன்று மாதம்தான் இதில் முக்கியமான பரிசோதனையே. இவ்வளவு சிறிய புள்ளியைப் பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று யாராலும் சொல்ல முடியாது. பழைய சளிக்காய்ச்சலின் தழும்பாக இருக்கலாம், நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு எப்போதோ உடலுக்குள் வந்து அடங்கிப்போன காசநோயின் மிச்சமாக இருக்கலாம், நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் சின்ன நிணநீர்க் கணுவாக இருக்கலாம், அபூர்வமாகக் கெட்டதாகவும், அதாவது புற்றுநோயாகவும், இருக்கலாம். இப்படித் தற்செயலாக அகப்படும் சிறு புள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கில்லாதவை. ஊசி போட்டு எடுத்துப் பார்க்கலாமே என்றால், 7 மில்லிமீட்டரைக் குறிபார்த்துக் குத்துவது லேசான காரியமில்லை, குத்தினால் நுரையீரல் சுருங்கிப்போகும் ஆபத்தும் உண்டு. வேகமாக வேலை செய்யும் திசுக்களை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனுக்கு இந்த அளவு போதாது, போதாததற்குக் காசநோய்த் தழும்பும் சில சமயம் அதில் பளிச்சென்று ஒளிர்ந்து ஆளைக் கலங்கடிக்கும். ஆகவே மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றுதான்: அது வளர்கிறதா, இல்லையா. அதற்குப் பதில் சொல்ல நாள் கடக்க வேண்டும். கோவையில் நாளைக்கே எடுத்தாலும் அங்கேயும் அதே 7 மில்லிமீட்டர்தான் தெரியும்.

கணக்குக்காரன் என்பதால் எனக்கு இந்த இடம் பிடித்திருந்தது. கெட்டது என்றால் அதன் பருமன் எத்தனை நாளில் இரட்டிக்கிறது என்று பார்க்கிறார்கள், 400 நாளுக்குள் இரட்டிக்கும் வேகம் தெரிந்தால் அடுத்த கட்டப் பரிசோதனைக்குப் போகிறார்கள். பருமன் என்பது கன அளவு, அது இரட்டிக்க விட்டம் 7 என்பது 14 ஆக வேண்டியதில்லை, 9-க்குக் கொஞ்சம் கீழே வந்தாலே இரண்டு மடங்காகிவிடும். அவ்வளவு நுணுக்கமான மாற்றத்தை ஒரு வாரம் விட்டு எடுத்த ஸ்கேனில் எப்படிக் கண்டுபிடிப்பது? இங்குள்ள நெஞ்சு நோய் மருத்துவர்களின் சங்கமான பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட திடமான சிறு புள்ளிக்கு மூன்று மாதத்தில் ஒரு ஸ்கேன், முதல் ஸ்கேனிலிருந்து ஒரு வருடத்தில் இன்னொன்று என்று இருக்கிறது. ஆக உங்கள் ஆஸ்பத்திரி விதிமுறைப்படிதான் நடக்கிறது.

இப்போது உங்களால் செய்ய முடிந்த ஒரு காரியம், மூன்று மாதத்தை ஒரே நாளில் தாண்டக்கூடியது. கோவிட் இரண்டாவது அலையில், 2021-இல், உங்களுக்கு நெஞ்சு சிடி எடுத்தார்களா? அந்த நேரத்தில் நம் ஊரில் லேசாக இருமியவர்களைக்கூட ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். எடுத்திருந்தால் அந்தப் பெரிய உறை வீட்டு பீரோவின் மேலேயோ மெத்தைக்கு அடியிலேயோ கிடக்கும், நம் வீடுகளில் யாரும் அதைத் தூக்கிப்போட மாட்டார்கள். ஃபிலிம் மட்டும் போதாது, உள்ளே படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் தகடு (CD) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஸ்கேன் சென்டரில் கேட்டுப் பார்க்கலாம். அன்றும் இதே இடத்தில் இதே அளவில் இந்தப் புள்ளி இருந்தது என்று இங்குள்ள ரேடியாலஜிஸ்ட் பார்த்துவிட்டால் கதை கிட்டத்தட்ட முடிந்தது, இத்தனை வருடம் அசையாமல் கிடந்ததைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை. விசாவுக்காகச் சென்னையில் எடுத்த எக்ஸ்ரே இதற்கு உதவாது, இவ்வளவு சிறியது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

இதற்காகவாவது அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லும் விதத்தில் இருக்கிறது. "நுரையீரலில் ஏதோ இருக்கிறதாம், என்னவென்று தெரியவில்லையாம்" என்று ஆரம்பித்தால் அன்றிரவு அங்கே அடுப்பு எரியாது. பழைய தழும்பு மாதிரி ஒன்று தெரிகிறது, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கிறார்கள் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. கையில் ஒரு வேலை கொடுத்துவிட்டால் அம்மாக்கள் தாங்கிக்கொள்வார்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள். எங்கள் தாத்தாவுக்கு இருந்ததை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன், அதுவரை வீட்டில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

அடுத்தது, இங்குள்ள நடைமுறை. கன்சல்டன்ட், அதாவது ஆஸ்பத்திரியின் மூத்த டாக்டர், உங்கள் ஜிபிக்கு (நீங்கள் பதிவு செய்திருக்கும் குடும்ப டாக்டருக்கு) எழுதும் கடிதத்தின் நகல் உங்களுக்கும் வரும். "இந்த இனிமையான மனிதரைப் பார்த்தேன்" என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றி எழுதியது போல இருக்கும், பயந்துவிடாதீர்கள், எல்லோரைப் பற்றியும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கடிதத்தின் தலைப்பில் செக்ரட்டரியின் தொலைபேசி எண் இருக்கும். ஆஸ்பத்திரியின் பொது எண்ணில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதைவிட இந்த எண் ஆயிரம் மடங்கு மேல். பத்து வாரம் ஆகியும் ஸ்கேன் தேதி வரவில்லையா, செக்ரட்டரியைக் கூப்பிட்டு ஸ்கேனுக்கான கோரிக்கை போயிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கோபப்பட வேண்டாம், விடவும் வேண்டாம். அவர்களாகவே கூப்பிடுவார்கள் என்று சும்மா இருந்தால் கோரிக்கை எங்காவது சிக்கிக் கிடந்தாலும் நமக்குத் தெரியாது.

அப்புறம் வீடு மாறுவது. புதிதாக வந்தவர்கள் இன்று ஒரு அறை, அடுத்த மாதம் இன்னொரு அறை என்று மாறிக்கொண்டே இருப்பார்கள், ஸ்கேன் கடிதம் பழைய முகவரிக்குப் போகும், நீங்கள் வரவில்லை என்று பெயரை எடுத்துவிட்டு மறுபடி ஜிபியிடமே அனுப்பிவிடுவார்கள். முகவரி மாறினால் ஜிபிக்குத் தனியாக, ஆஸ்பத்திரிக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

விசா பயம் வேண்டாம். இங்கிருந்தபடியே வேலை விசாவை நீட்டிக்கும்போது மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. வருடத்துக்கு 1,035 பவுண்டு என்று, இங்குள்ள அரசு மருத்துவத்துக்காக விசாவோடு வாங்கும் சர்சார்ஜ் கட்டித்தானே வந்தீர்கள், ஸ்கேனுக்குத் தனியாகக் காசு கிடையாது. காசநோய் என்றே தெரிந்தாலும் இங்கே யாராக இருந்தாலும் அதற்குச் சிகிச்சை இலவசம். ஒன்று மட்டும்: நடுவில் ஊருக்குப் போனால், பயணக் காப்பீட்டுப் படிவத்தில் ஏதாவது பரிசோதனைக்காகக் காத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள், ஆமாம் என்றே எழுதுங்கள்.

காத்திருக்கச் சொன்னதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். இருமலில் ரத்தம் வந்தால், எடை தானாகக் குறைந்தால், இரவில் சட்டை நனையும் அளவுக்கு வேர்த்துக் காய்ச்சல் வந்தால், மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நிற்காவிட்டால், தேதி வரும்வரை பார்க்காமல் ஜிபியைக் கூப்பிடுங்கள். மூச்சு முட்டி நெஞ்சு வலித்தால் இங்குள்ள அவசர எண் 999. சிகரெட் பிடிப்பீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, பிடிப்பவர் என்றால் இன்றோடு விடுங்கள், கணக்கில் அதுவும் சேரும்.

என் புள்ளி என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. அளவு மாறவில்லை, இனி வர வேண்டாம் என்று கடிதம் வந்தது. அது என்ன என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. முதலில் எனக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது, இத்தனை பெரிய தேசத்தில் இத்தனை மெஷின்களை வைத்துக்கொண்டு ஒரு பெயர் சொல்லத் தெரியவில்லையா என்று. உங்களுக்கும் கடைசியில் பெயர் கிடைக்காமலே போகலாம், அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஸ்கேன் தேதிக்கு முந்தைய வாரம்தான் மோசம். தூக்கம் வராது, ஃபோனை எடுத்துத் தேடத் தோன்றும், தேடினால் கண்ணில் படுவதெல்லாம் கெட்டதாகவே இருக்கும். நான் அந்த வாரங்களில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு நண்பனோடு பேசிக்கொண்டிருந்தேன், நோயைப் பற்றி இல்லை, பெரும்பாலும் கிரிக்கெட்தான். அங்கே உங்களுக்கு அப்படி யாரும் இல்லையென்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், நேரம் பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, உங்கள் ரிப்போர்ட்டில் அந்தப் புள்ளியைத் திடமானது என்று எழுதியிருக்கிறார்களா, மங்கலான கண்ணாடி போன்றது என்று எழுதியிருக்கிறார்களா? பாருங்கள். நான் மேலே சொன்ன கணக்கு திடமானதற்குத்தான். மங்கலானது அப்படியே தங்கிவிட்டால் நான்கு வருடம் வரைக்கும்கூட இடைவெளி விட்டு விட்டுப் பார்ப்பார்கள், அது மெதுவாக நகரும் வகை. எது என்று பார்த்து எழுதுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.