கைப்பிடியை எப்போது இழுப்பது? – போர் விமானிகள் பற்றி வாசகர் கேள்விகள்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விடைபெற்றதிலிருந்து, போர் விமானங்களையும் விமானிகளையும் பற்றிக் கேள்விகள் தொடர்ந்து வருகின்றன. பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

மிக்-21-ஐப் பத்திரிகைகள் 'பறக்கும் சவப்பெட்டி' என்றன. ஓட்டியவர்களோ அதைக் கொண்டாடுகிறார்கள். எது உண்மை?
– ஆசிரியர், விருதுநகர்

அதை ஓட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. 1963-ல் வந்தபோது அந்த விமானத்தின் வேகமும் ஏறும் திறனும் நம் நாட்டில் வேறு எதற்கும் இல்லை. ஆனால் அந்த வேகத்தைத் தந்த முக்கோண இறக்கை குறைந்த வேகத்தில் போதுமான தூக்குவிசை தராது. அதனால் மணிக்கு 300 கி.மீ.க்கு மேலான வேகத்தில்தான் தரையிறக்க வேண்டும். பயணிகள் விமானமான ஏ-320 இறங்குவது ஏறக்குறைய 250 கி.மீ. வேகத்தில். போதாக்குறைக்கு மிக்-21 இறங்கும்போது மூக்கு மேலே தூக்கியிருக்கும். ஓடுபாதை சரியாகத் தெரியாது. எஞ்சினும் ஒன்றுதான்.

இப்படிப்பட்ட விமானத்துக்கு, மெதுவாகப் பறக்கும் கிரண் பயிற்சி விமானத்திலிருந்து 20, 22 வயதுப் பிள்ளைகளை நேராக அனுப்பினோம். இடையில் ஒரு வேகமான பயிற்சி விமானம் கட்டாயம் தேவை என்று, விமான விபத்துகளை ஆராய்ந்த லா ஃபான்டெய்ன் குழு 1982-லேயே சொல்லிவிட்டது. அத்தகைய பயிற்சி விமானமான ஹாக்குக்கு ஒப்பந்தம் போட்டது 2004-ல். முதல் ஹாக் பீதர் தளத்துக்கு வந்தது 2008-ல். சவப்பெட்டி என்று இயந்திரத்தைத் திட்டினால் அந்த 26 வருடத் தாமதத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடும். அந்தப் பெயரை நாம் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

அப்படியானால் நம் நாட்டிலேயே உருவான போர் விமானம் தேஜஸ் ஏன் இவ்வளவு தாமதம்? விமானப்படைக்காரர்கள் வாய் திறக்க மாட்டார்களா?
– வாசகர், ஓசூர்

திறந்தார்கள். 2025 மே மாதம் டெல்லியில் தொழில்துறையினர் கூடிய அரங்கில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங், உரிய காலத்தில் முடிந்த ஒரு திட்டம்கூடத் தன் நினைவுக்கு வரவில்லை என்று வெளிப்படையாகவே பேசினார். 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது. அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனம் தர வேண்டிய எஃப்-404 எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது. எஞ்சின் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ரேடார், ஆயுதங்கள், மென்பொருள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திச் சான்று பெற வேண்டும். 42 ஸ்குவாட்ரன் (போர் விமானப் பிரிவு) இருக்க வேண்டிய படையில், மிக்-21 போன பிறகு 29 தான். பணியில் இருக்கும் தளபதி பொதுமேடையில் இப்படிப் பேசுவது நம் நாட்டில் அரிது. அவர் பேசியது சரியே என்பது என் கருத்து.

ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் எஜெக்ஷன் சீட் இருந்தும் விமானிகள் இறக்கிறார்களே, ஏன்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பெரும்பாலும் தாமதம்தான் காரணம்.

தொடைகளுக்கு நடுவே இருக்கும் கைப்பிடியை இழுத்ததும் நடப்பது இது. தோள் பட்டைகள் இறுகி, விமானியை முதுகோடு இருக்கையில் ஒட்டவைக்கும். மேலிருக்கும் கண்ணாடிக் கூரை தூக்கி எறியப்படும். தேஜஸ், ஹாக் போன்றவற்றில் கண்ணாடியில் பதித்த வெடிநாண் அதை உடைத்துவிடும். இருக்கை முதலில் வெடிமருந்தாலும் பிறகு அடியில் உள்ள ராக்கெட்டாலும் மேலே பாயும். கால்களைக் கயிறுகள் இருக்கையோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் காற்று கால்களை உடைத்துவிடும். சிறு பாராசூட் இருக்கையை நிலைப்படுத்தும். பிறகு பெரிய பாராசூட் விரியும், இருக்கை கழன்று விழும். இத்தனையும் ஏறக்குறைய 3 விநாடிக்குள்.

இன்றைய இருக்கைகள் (சுகோய்-30, மிக்-29 இரண்டிலும் ரஷ்யாவின் கே-36, தேஜஸ், ரஃபேலில் பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் 16 வரிசை) ஓடுபாதையில் நிற்கும் விமானத்திலிருந்துகூட ஆளைக் காப்பாற்றும். மிக்-21-ன் கே.எம்-1 இருக்கைக்குத் தரை மட்டத்தில் குறிப்பிட்ட ஓட்ட வேகம் இருந்தே ஆக வேண்டும். ஆனால் எந்த இருக்கைக்கும் ஒரு எல்லை உண்டு. விமானம் விநாடிக்கு 60 மீட்டர் கீழே விழுந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். பாராசூட் விரிய இரண்டரை விநாடி ஆனால், 150 மீட்டர் அதிலேயே போய்விடும். விமானம் ஒருபக்கம் சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் ராக்கெட் ஆளை மேலே தள்ளாது. பக்கவாட்டிலோ தரையை நோக்கியோ தள்ளும். அதனால்தான், கட்டுப்பாடு இழந்த விமானம் 10,000 அடிக்குக் கீழே இறங்கியும் மீளவில்லை என்றால் யோசிக்காமல் வெளியேறு என்று பல விமானப்படைகள் விதி வைத்திருக்கின்றன. அந்த முடிவைத் தரையிலேயே, விமானத்தில் ஏறும் முன்பே எடுத்துவிட வேண்டும். எஞ்சினை இன்னொரு முறை பற்றவைத்துப் பார்ப்போம் என்று தோன்றுகிற அந்த நான்கைந்து விநாடிதான் உயிரைக் குடிக்கிறது.

உட்காரும் விதமும் முக்கியம். தலை பின்னால் சாய்ந்து, முதுகு நேராக, ஹெல்மெட்டின் முகமூடிக் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும். குனிந்து கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே இழுத்தால் முதுகெலும்பு நசுங்கும். முதுகும் இடுப்பும் சேரும் இடத்தில்தான் அதிகம் முறியும். சரியாக உட்கார்ந்தவருக்கும் அது நேரலாம். அதனால்தான் உயிர் தப்பி வந்தவரை முதலில் படுக்கவைத்து முதுகெலும்பைப் படம் எடுக்கிறார்கள்.

இதையும் சொல்லியாக வேண்டும். 'ஊர்மக்களைக் காப்பாற்றக் கடைசிவரை விமானத்தை விட்டு வெளியேறவில்லை' என்று செய்தி எழுதுகிறோம். அது சில சமயம் முழு உண்மை. அந்தத் தியாகத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஒவ்வொரு விபத்திலும் அதையே எழுதினால், சீக்கிரம் வெளியேறுவது கோழைத்தனம் என்ற எண்ணம் இளம் விமானிகள் மனதில் பதிந்துவிடும். உரிய நேரத்தில் கைப்பிடியை இழுத்தவர் கடமையைச் சரியாகச் செய்தவர்.

9 ஜி என்கிறார்களே, உடம்பு எப்படித் தாங்குகிறது?
– வாசகர், நாகர்கோவில்

விமானம் கூர்மையாக வளையும்போது உடல் எடை ஒன்பது மடங்காக அழுத்துவதுதான் 9 ஜி. 70 கிலோ ஆள் 630 கிலோ ஆவார். ரத்தம் கால்பக்கம் இறங்கும். முதலில் நிறங்கள் மங்கும், பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கும், பிறகு நினைவு போகும். நினைவு திரும்பினாலும் தான் எங்கே இருக்கிறோம் என்று புரியச் சேர்த்து அரை நிமிடம்வரை ஆகலாம். அதற்குள் விமானம் தரையைத் தொட்டுவிடும்.

விமானி அணியும் ஜி-சூட் உடை வயிறு, தொடை, கெண்டைக்கால்களில் காற்றுப் பைகளால் இறுக்கும். அது தரும் உதவி ஒன்று, ஒன்றரை ஜி அளவுதான். மீதியை விமானியே செய்ய வேண்டும்: கால், தொடை, வயிற்றுத் தசைகளை முன்கூட்டியே இறுக்கி, மூச்சை அடக்கி, சுமார் 3 விநாடிக்கு ஒருமுறை சட்டென்று மாற்ற வேண்டும். வளைவு தொடங்கிய பிறகு இறுக்கினால் பிந்திவிடும். இந்தப் பயிற்சி பெங்களூரு விண்வெளி மருத்துவ நிறுவனத்தின் சுழல் இயந்திரத்தில் நடக்கிறது. தூக்கம் குறைந்தாலும், சாப்பிடாமல் போனாலும், நம் ஊர் மே மாத வெயிலில் தண்ணீர் குறைந்தாலும், நீண்ட விடுப்பிலிருந்து திரும்பினாலும் தாங்கும் அளவு இறங்கும்.

கார்கிலில் முதல் நாட்களில் விமானங்களை இழந்தோம், பிறகு இழக்கவில்லை. என்ன மாற்றினார்கள்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

உயரத்தை மாற்றினார்கள். மற்றவை அதைத் தொடர்ந்து வந்தவை.

1999 மே 26 அன்று விமானத் தாக்குதல் தொடங்கியது. மறுநாள் நச்சிகேதா ஓட்டிய மிக்-27-ன் எஞ்சின், ஆயுதம் சுடும்போது அணைந்துபோனது. அவர் பாகிஸ்தான் படையிடம் பிடிபட்டார். அவரைத் தேடிப்போன அஜய் ஆஹுஜாவின் மிக்-21 ஏவுகணைக்கு இரையாகி, அவரும் உயிரிழந்தார். மே 28 அன்று மி-17 ஹெலிகாப்டர் ஒன்று வீழ்ந்து, உள்ளே இருந்த நால்வரும் மாண்டனர்.

தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணை, சுடுபவருக்கு மேலே ஏறக்குறைய மூன்றரை கி.மீ. எட்டும். சமவெளியில் இதற்கு அஞ்சி 12,000 அடிக்கு மேல் பறந்தால் போதும். கார்கிலில் சுடுபவரே 5 கி.மீ. உயரச் சிகரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் கூட்டினால் எட்டரை கி.மீ., அதாவது 28,000 அடி. ஆகவே 30,000 அடியை ஒட்டிப் பறந்துதான் குண்டு போட வேண்டும். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற அரசின் உத்தரவும் இருந்ததால், தாக்கும் திசையும் குறுகிப்போனது.

அங்கிருந்து போட்டால் குண்டு குறியில் விழவில்லை. மெல்லிய காற்றில் குண்டுக்குத் தடை குறைவு, விமானத்தின் உண்மையான வேகமும் அதிகம். குண்டு கணக்கைத் தாண்டி விழுந்தது. குறிபார்க்கும் கருவிகளின் அட்டவணைகள் தாழ்வான இலக்குகளுக்காகப் போடப்பட்டவை. சமவெளியில் 30 மீட்டர் தள்ளி விழும் குண்டும் எதிரியைப் பாதிக்கும். மலைமுகட்டில் அதே 30 மீட்டர் தள்ளினால், குண்டு நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே பள்ளத்தாக்கில் போய் வெடிக்கும். முகட்டில் பதுங்கியிருப்பவருக்கு ஒன்றும் ஆகாது.

இதற்கு விமானிகளும் தரைக் குழுவினரும் கண்ட வழிகளைப் பாருங்கள். மிக்-21 விமானிகள் கடைகளில் விற்கும் கையடக்க ஜி.பி.எஸ். கருவியையும் ஸ்டாப்வாட்சையும் காக்பிட்டுக்குள் கொண்டுபோய், குறித்த புள்ளியில் விநாடி எண்ணிக் குண்டு போட்டார்கள். மிராஜ்-2000 விமானங்களில் இஸ்ரேலின் லைட்டனிங் குறிகாட்டிக் கருவியை அவசர அவசரமாகப் பொருத்தி, பழைய 1,000 பவுண்டு குண்டுகளுக்கு லேசர் வழிகாட்டி மாட்டினார்கள். ஜூன் 24 அன்று டைகர் ஹில் மீது விழுந்தது அப்படிப்பட்ட குண்டு. மொத்தப் போரிலும் போட்ட லேசர் குண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இருக்கும் கருவியின் எல்லை என்ன என்பது ஓட்டுபவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் சொன்னது மேலே போய், மூன்றே நாளில் உத்தரவாகத் திரும்பி வந்தது. கார்கிலில் பாராட்ட வேண்டியது அந்த வேகத்தை.

குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் உண்மையை மறைத்துவிட்டார்கள் என்று எங்கள் பகுதியில் இன்றும் பேசுகிறார்கள்.
– வாசகர், மேட்டுப்பாளையம்

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட மி-17வி5 நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். ஒலிப்பதிவுக் கருவியையும் பறத்தல் தரவுகளையும் ஆராய்ந்து, 2022 ஜனவரியில் முதற்கட்ட முடிவை வெளியிட்டார்கள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்குத் திசை உணர்வு பிறழ்ந்தது. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டரே மலையில் மோதியது. இயந்திரக் கோளாறோ சதியோ இல்லை.

திசை உணர்வு பிறழ்வது அனுபவம் இல்லாதவருக்கு மட்டும் வருவதல்ல. தட்டாமாலை சுற்றி நின்றதும் உலகம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதல்லவா, அது உட்காதில் உள்ள திரவத்தின் வேலை. மேகத்துக்குள் கண்ணுக்குப் பிடிமானம் போய்விட்டால், சாய்ந்து பறப்பதையும் அந்தக் காது நேராகப் பறப்பதாகவே சொல்லும். அப்போது கருவியை மட்டும் நம்ப வேண்டும். மலைப்பாதையில் ரயில் தண்டவாளத்தையோ சாலையையோ பார்த்துத் தாழப் பறப்பவருக்கு, மேகம் சூழ்ந்த பிறகு அந்த மாற்றத்துக்குக் கிடைப்பது சில விநாடிகளே.

மறைத்தார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் குறை வேறிடத்தில் இருக்கிறது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு அறிக்கையில் இதே விபத்துக்கு 'மனிதத் தவறு' என்று ஒற்றை வரியில் காரணம் போட்டிருந்தார்கள். பயணிகள் விமானம் விழுந்தால் முழு விசாரணை அறிக்கையும் வெளிவருகிறது. ராணுவ விசாரணை அறிக்கை வருவதில்லை. ரேடார், ஆயுத விவரங்களை நீக்கிவிட்டு வானிலை, பாதை, முடிவெடுத்த வரிசை ஆகியவற்றை வெளியிட்டால் எந்த ரகசியமும் கெடாது. நீலகிரியில் ஹெலிகாப்டர் ஓட்டும் மற்றவர்களுக்கு உதவும். 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் நம் ஏவுகணையே நம் மி-17-ஐ வீழ்த்தியதை, அந்த அக்டோபரில் அப்போதைய தளபதி பதௌரியா பெரிய தவறு என்று ஒப்புக்கொண்டார். படையின் மதிப்பு அதனால் குறையவில்லை.

மகன் விமானப்படையில் இருக்கிறான். எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று எதையும் சொல்வதில்லை. இவ்வளவு ரகசியம் வேண்டுமா?
– தாய், தஞ்சாவூர்

வேண்டும் அம்மா, ஆனால் எல்லாவற்றிலும் அல்ல. விமானத்தின் வேகம், ஸ்குவாட்ரன் பெயர், தஞ்சாவூரில் சுகோய் இருப்பது எல்லாம் ஊரறிந்தவை. ரேடார் எந்த முறையில் தேடுகிறது, எதிரி ரேடாரைக் குழப்பும் கருவியின் அலைவரிசை, நண்பனா எதிரியா என்று கேட்கும் குறியீடு, எத்தனை விமானம் இன்று தயார், யார் எப்போது புறப்படுகிறார் – இவைதான் காக்க வேண்டியவை. கடைசி இரண்டும் வீட்டுப் பேச்சிலிருந்தே கசியும். ஸ்ட்ராவா என்ற ஓட்டப்பயிற்சிச் செயலி 2017-ல் வெளியிட்ட வரைபடத்தில் பல நாட்டு ராணுவ முகாம்களே தெரிந்துவிட்டன. ஆகவே மகன் சீருடையில் இருக்கும் படத்தை இடக்குறிப்போடு போடாதீர்கள். 'நாளைக்குக் கிளம்புகிறான்' என்று குடும்பக் குழுவில் எழுதாதீர்கள்.

பிடிபட்டால் பெயர், பதவி, பிறந்த தேதி, பணி எண் ஆகிய நான்கை மட்டும் சொன்னால் போதும் என்கிறது 1949-ன் மூன்றாம் ஜெனிவா ஒப்பந்தம். தமிழகத்தைச் சேர்ந்த அபிநந்தன் 2019-ல் பிடிபட்டபோது என்ன விமானம், என்ன பணி என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததை நாடே காணொலியில் பார்த்தது.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போர் விமானியாக வேண்டும் என்கிறாள். இப்போதே என்ன பார்க்க வேண்டும்?
– தந்தை, ஈரோடு

முதலில் அளவு நாடாவை எடுங்கள். உயரம் குறைந்தது 162.5 செ.மீ. உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 வரை. கால் நீளம் 99 முதல் 120 வரை. தொடை நீளம், அதாவது பின்புறத்திலிருந்து முட்டிவரை, 64-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் இருக்கை மேலே பாயும்போது முட்டி கருவிப் பலகையில் அடிபடும். நிறப் பார்வையையும் நல்ல கண் மருத்துவரிடம் சோதியுங்கள். இவற்றில் தவறினால் படித்துச் சரிசெய்ய முடியாது. தெரியாமல் நான்கு வருடம் கனவு காண்பது கொடுமை.

கணிதமும் இயற்பியலும் கட்டாயம். பிளஸ் டூ முடித்ததும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதலாம், பெண்களுக்கு 2022-லிருந்து அங்கே இடம் உண்டு. பட்டம் முடித்தால் ஏ.எஃப்.கேட் என்ற விமானப்படைப் பொதுச் சேர்க்கைத் தேர்வு வழி. தேர்வு வாரியத்தில் தேறிய பிறகு சி.பி.எஸ்.எஸ். என்ற கணினிச் சோதனை வரும்: திரையில் கருவிகளைப் படிப்பது, கையில் குச்சியும் காலில் பெடலும் வைத்துக்கொண்டு ஓடும் புள்ளியைப் பிடிப்பது. இதற்கு வாழ்நாளில் ஒரே வாய்ப்பு. தவறினால் விமானப்படையின் தரைப் பணிகளுக்குப் போகலாம், விமானி ஆக முடியாது. முந்தைய நாள் இரவு ரயிலில் உட்கார்ந்தே போய் அந்தச் சோதனைக்கு நிற்காமல், ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேரச் சொல்லுங்கள்.