எக்ஸ்பைரி மருந்தைக் காசுக்குக் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் ஆறு படுக்கை உள்ள மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். ஸ்டோரில் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய எக்ஸ்பைரி மாத்திரை, சிரப், ஊசி மருந்து கிடக்கின்றன. ஒருவர் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு தந்து எடுத்துக்கொள்கிறேன், பேப்பர் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் சிஸ்டர். மருந்துக் கழிவை எரிக்கச் செலவாகும், அந்தச் செலவு நம் தலையில்தான் விழும். எரிக்க வேண்டிய சரக்குக்கு ஒருவர் எதிர்க்காசு தருகிறார் என்றால் அவர் எரிக்கப் போவதில்லை, தேதியை அழித்து மறுபடி விற்கத்தான் போகிறார். ஒருமுறை என் கைக்கு வந்த இருமல் சிரப் பாட்டிலில் தேதி இருந்த இடம் மட்டும் வெளுத்துப் பிசுபிசுவென்று இருந்தது, முகர்ந்தால் தின்னர் வாடை. அதைக் குடிக்கவிருந்தது ஒரு குழந்தை. பாண்டியில் அனுமதி வாங்கியிருக்கிறேன் என்று அந்த ஆள் கதை விட்டாலும் மயங்காதீர்கள். அங்கே இருப்பது தனி மாசுக் கட்டுப்பாட்டுக் கமிட்டி, உங்களுக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

சரி, என்ன செய்வது? முதலில் ஏஜென்சியிடம் ரிட்டர்ன் கேளுங்கள். விற்கும்போது வாசல்வரை வருபவர்கள் திருப்பி எடுக்கச் சொன்னால் போனையே எடுப்பதில்லை, அதைக் கேட்க நாதியும் இல்லை. அவர்கள் எடுக்காவிட்டால் 2016 மருத்துவக் கழிவு விதிப்படி, எரிக்க வேண்டிய கழிவுக்கான மஞ்சள் பைதான். பெயர், பேட்ச், எண்ணிக்கையை ரிஜிஸ்டரில் எழுதி, லேபிளை மார்க்கரால் நன்றாக அடித்துவிட்டுப் பையில் போடுங்கள். வெளி அட்டையை மட்டும் கிழித்துச் சாதாரணக் குப்பையில் போடலாம். பையில் பார்கோடு ஒட்டி, பொது மருத்துவக் கழிவுச் சுத்திகரிப்பு நிலைய வண்டி வரும்போது உங்கள் கண்ணெதிரே எடை போட்டுச் சீட்டு வாங்குங்கள். பதிவுகள் ஐந்து வருடம் இருக்க வேண்டும். ஆறு படுக்கைதானே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், படுக்கையே இல்லாத கிளினிக்குக்கும் இதே விதிதான்.

மருந்து தீர்ந்த கண்ணாடிக் குப்பியும் ஆம்பியூலும் கண்ணாடிக் கழிவுக்கான நீலப் பெட்டிக்குப் போகும். ஆனால் புற்றுநோய் மருந்து, அதாவது கீமோ, அப்படி இல்லை. அதில் குப்பி காலியாக இருந்தாலும் நீலம் கிடையாது, மஞ்சள்தான். அந்த மருந்து பட்ட கையுறை, ட்யூப் எல்லாமும் மஞ்சள்தான், பையில் சைட்டோடாக்சிக், அதாவது செல்களைக் கொல்லும் நச்சு என்ற லேபிள் கட்டாயம். 1200 டிகிரிக்கு மேல் எரித்தால்தான் அதன் நச்சுப் போகும், நீலத்தில் போட்டால் கழுவி மறுசுழற்சிக்குப் போய்விடும். உங்கள் இடத்தில் கீமோ ஏற்றாவிட்டாலும், வேறெங்கோ சிகிச்சை எடுக்கும் நோயாளியின் மாத்திரை டப்பா உங்கள் வார்டில் கிடக்கலாம், கவனித்துப் பாருங்கள்.

சிங்க்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ஆன்டிபயாடிக் சாக்கடையில் கலந்தால் அங்குள்ள கிருமிகள் அதற்கே பழகிக்கொள்ளும், அப்புறம் நம் வார்டுக்கு வரும் காய்ச்சலுக்கு அதே மருந்து கேட்காது.

வண்டி வரும்வரை அந்த இரண்டு பெட்டியையும் விற்பனை அலமாரியிலிருந்து தள்ளி, எக்ஸ்பைரி என்று பெரிதாக எழுதிப் பூட்டி வையுங்கள், சாவி உங்களிடமே இருக்கட்டும்.