பவளத் தொட்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் லெதர், சோவாந்தஸ் என்னும் பவள வகைகளை வளர்க்கிறேன். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்பு கலக்கிறேன். வாரம் 20 லிட்டர் மாற்றியும் நைட்ரேட் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு), பாஸ்பேட் 0.3 பிபிஎம். பாறையெல்லாம் முடிப்பாசி. லெதர் ஒரு வாரமாக விரியவில்லை. (வாசகர், அண்ணா நகர்)

பதில்: அந்த ஆர்.ஓ. தண்ணீரை முதலில் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) மீட்டரில் அளந்து பாருங்கள். 50, 80 என்று காட்டக்கூடும். குடிநீர்க் கருவிகள் பலவற்றில், சவ்வு வடிகட்டிய தண்ணீரோடு வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கிறது. குடிக்கச் சரி, பவளத்துக்கு ஆகாது. சவ்விலிருந்து வரும் குழாயில், கலப்பு நடக்கும் இடத்துக்கு முன்பே ஒரு டீ இணைப்பு போட்டு, மிச்சமுள்ள உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் கார்ட்ரிட்ஜ் வழியாகத் தண்ணீர் பிடியுங்கள். கருவியைப் போட்டதும் வரும் முதல் சில நிமிடத் தண்ணீரில் டி.டி.எஸ். கூடுதலாக இருக்கும், அதை ரெசினுக்கு விடாமல் வெளியே விட்டுவிடுங்கள், ரெசின் நீடிக்கும். மீட்டர் 0 காட்ட வேண்டும். 2, 3 என்று ஏறத் தொடங்கினாலே ரெசினை மாற்றிவிடுங்கள்.

அடுத்து, வாரம் 40 லிட்டர் மாற்றுங்கள். அதற்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பு வேண்டும். தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும்; உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். வெளியிலிருந்து எதுவும் சேராவிட்டால் நைட்ரேட் 50 என்பது 40, 32, 26 என மூன்று வாரத்தில் இறங்கும். ஆனால் தினமும் தீனி விழுகிறதே! உறைந்த மைசிஸ் என்னும் குட்டி இறால் தீனியைக் கரைத்து, வலையில் அலசிவிட்டுப் போடுங்கள். வடிகட்டிப் பஞ்சை மூன்று நாளைக்கு ஒருமுறை கழுவுங்கள்; அதில் தங்கும் கழிவு அங்கேயே அழுகி நைட்ரேட்டாகிறது.

பாஸ்பேட் இப்படி இறங்காது. பாறை அதை உறிஞ்சி வைத்திருப்பதால், நீங்கள் தண்ணீர் மாற்றிய இரண்டாம் நாளே திரும்பக் கசியவிடும். பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு மணிகளைப் பழுப்புத் தூசு போகும்வரை அலசி, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியை மட்டும் ரியாக்டரில் (மணிகளின் ஊடே தொட்டி நீரை ஓட்டும் குடுவை) போடுங்கள். ரியாக்டரை விட்டு வரும் நீரிலும் தொட்டியிலும் ஒரே அளவு பாஸ்பேட் இருந்தால் மணிகள் தீர்ந்துவிட்டன. அவசரம் வேண்டாம். ஒரே வாரத்தில் 0.3ஐ அடியோடு இறக்கினால், பாசிக்கு முன் பவளம் வாடும். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 போதும். இரண்டும் பூஜ்யமானால் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்புச் சளி கிளம்பும்; முடிப்பாசியைவிட அதை ஒழிப்பது கடினம்.

லெதரின் மேல் மெழுகுபோல் பளபளப்பான தோல் தெரிகிறதா? அப்படியானால் அது தோல் உரிக்கிறது. நீரோட்டம் கொஞ்சம் கூடுதலாகப் படும்படி பம்பைத் திருப்பி வையுங்கள், சில நாளில் விரியும். தோல் இல்லாமல் அடிப்பகுதி கறுத்துக் குழைந்தால் அழுகல். அந்தப் பகுதியை உடனே வெட்டி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 120 லிட்டர் தொட்டி. உப்பு அளந்துதான் போடுகிறேன், ஆனாலும் அடர்த்தி 1.029 ஆகிவிட்டது. (வாசகி, தூத்துக்குடி)

பதில்: ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே தங்கிவிடும். குறையும் அளவுக்கு உப்புநீர் ஊற்றினீர்கள் என்றால் அடர்த்தி ஏறத்தான் செய்யும். தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. டி.ஐ. நீரை மட்டும் ஊற்றுங்கள். இப்போதைக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் எடுத்து அதே அளவு இந்த உப்பில்லாத நீர் விட்டால் மூன்றே நாளில் 1.026 அருகே வரும். முள் அசையும் ஹைட்ரோமீட்டரில் அளக்கிறீர்களா? முள்ளில் ஒட்டும் குமிழி அளவை உயர்த்திக் காட்டும். ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெரினா கடல்நீரும் ராமேசுவரம் பவளப் பாறையும் கொண்டுவந்தால் செலவு மிச்சமாகுமே? (வாசகர், தாம்பரம்)

பதில்: இரண்டும் வேண்டாம். மெரினாக் கரையில் கூவமும் அடையாறும் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் உப்பின் அளவும் இறங்கிவிடும். பாறை போன்ற கடினப் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்த துண்டை எடுத்து வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பெயர்த்த ஒவ்வொரு கல்லும் ஒரு மீனின் வீடு. கடையில் கிடைக்கும் பீங்கான் பாறையை வாங்கி, நன்மை செய்யும் பாக்டீரியாவை விட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும்வரை காத்திருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.