டயரைக் காப்பாற்றுகிறவன் பந்தயக்காரன் இல்லையா?

கேள்வி: 1990களிலிருந்து ஃபார்முலா ஒன் பார்த்து வருகிறேன். பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்பிய நாட்களில் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை உயிரைக் கொடுத்து ஓட்டினார்கள். இப்போது ஓட்டுநரும் பொறியாளரும் பேசும் ரேடியோவைத் திறந்தால் 'டயரைப் பார்த்துக்கொள்', 'காலைத் தூக்கு' என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. பந்தயமா இது, சிக்கன ஊர்வலமா? இதைப் பார்க்க இரண்டு மணி நேரம் உட்கார இனி என்ன காரணம் இருக்கிறது?

— ஒரு பழைய ரசிகர்

பதில்: காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் உங்கள் பொற்காலத்தைக் கொஞ்சம் உரசிப் பார்த்துவிடுவோம்.

பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவது 1994இல் திரும்ப வந்தது, 2009 சீசனோடு போனது. அந்தப் பதினாறு ஆண்டுகளில் ஓட்டுநர்கள் விரட்டி ஓட்டினார்கள் என்பது பெருமளவு உண்மை. டாங்கில் பாதிக்கும் குறைவான எரிபொருள், டயருக்கு இருபது சுற்று வேலை. விரட்டாமல் என்ன செய்வார்கள்? ஆனால் விரட்டியது யாரை? பெரும்பாலும் கடிகாரத்தை. முன்னால் போகிறவரைப் பாதையில் முந்தப்போய் மூக்கை உடைத்துக்கொள்வானேன்? அவர் பெட்ரோல் போட, டயர் மாற்ற நிறுத்தும் இடமான பிட்டுக்குள் போகும்வரை பொறுத்திருந்து, இரண்டு சுற்று கூடுதலாக ஓடிவிட்டு உள்ளே போய் அவருக்கு முன்னால் வெளியே வந்தால் போதும். 1998 ஹங்கேரியில் மூன்று நிறுத்தங்களோடு ஷூமாக்கர் வென்றதும், 2004இல் மேனி-கூரில் நான்கு நிறுத்தங்களோடு அலோன்சோவை மடக்கியதும் மகத்தான ஓட்டங்கள்தாம், சந்தேகமில்லை. ஆனால் இரண்டிலும் முதலிடம் கைமாறிய இடம் பிட் சந்து. 2010இல் நிரப்புதலுக்குத் தடை வந்த பிறகுதான் பாதையில் முந்துவது மளமளவென்று கூடியது. அதற்கடுத்த ஆண்டு, முன்காருக்கு ஒரு விநாடிக்குள் வந்தவர் நேர்ப்பாதையில் பின்சிறகைத் திறந்து வேகம் கூட்டிக்கொள்ளும் டி.ஆர்.எஸ். வந்து இன்னும் கூட்டியது என்பது வேறு கதை.

அந்தக் குழாய்களையும் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. விநாடிக்குச் சுமார் 12 லிட்டர் வேகத்தில் பாயும் பெட்ரோல் அது. 1994 ஹாக்கன்ஹைமில் யோஸ் வெர்ஸ்டாப்பனின் கார் பிட்டிலேயே தீப்பந்தமானது. 2008 சிங்கப்பூரில் மாஸா குழாயைப் பிய்த்துக்கொண்டு கிளம்பினார். டயர் மாட்டி முடித்த பணியாளர்கள், டாங்க் நிரம்பட்டும் என்று கைகட்டி நிற்பார்கள். இப்போது டயர் மட்டும்தான் என்பதால் இரண்டரை விநாடிக்குள் கார் கிளம்பிவிடுகிறது. 2023 கத்தாரில் மெக்லாரன் 1.80 விநாடியில் முடித்ததுதான் சாதனை.

உங்கள் பொற்காலத்துக்குள்ளேயே ஒரு முள் இருக்கிறது, கவனித்தீர்களா? 2005. அந்த ஆண்டின் விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான். பெட்ரோல் போடலாம், டயர் மாற்றக் கூடாது. நூர்பர்க்ரிங்கில் முன்னிலையில் போன ராய்க்கோனன், பிரேக் பூட்டி முன் டயரைத் தட்டையாகத் தேய்த்துக்கொண்டார். அந்த அதிர்விலேயே ஓட்டினார், ஓட்டினார், கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் சஸ்பென்ஷன் முறிந்து கார் சுழன்றது. அலோன்சோ வென்றார். டயரைக் காப்பாற்றத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது. அதை நீங்கள் நேரடி ஒளிபரப்பில் பார்த்திருப்பீர்கள்.

இன்னும் பின்னால் போவோம். 1984 முதல் 1993 வரை எரிபொருள் நிரப்பத் தடை இருந்தது. முதலில் ஒரு பந்தயத்துக்கு 220 லிட்டர், 1986இல் 195 லிட்டர், 1988இல் டர்போ கார்களுக்கு வெறும் 150. 1985 இமோலாவில் கடைசிச் சில சுற்றுகளில் முன்னிலையில் இருந்த செனாவின் டாங்க் வறண்டது. முதலிடம் யோஹான்சனுக்குப் போனது, அவர் டாங்கும் வறண்டது. முதலாவதாகக் கோட்டைத் தொட்ட ப்ராஸ்டின் காரை எடை போட்டால் இரண்டு கிலோ குறைவு. தகுதிநீக்கம். கோப்பை டி ஆஞ்சலிஸுக்குப் போனது. மறு ஆண்டு ஹாக்கன்ஹைமில் ப்ராஸ்ட், பெட்ரோல் தீர்ந்த காரைவிட்டு இறங்கிக் கோட்டை நோக்கித் தள்ளினார். 1985, 1986 இரண்டிலும் உலக சாம்பியன் அவரே. டயரையும் பெட்ரோலையும் அளந்து செலவு செய்த அந்த மனிதரை யாரும் சிக்கனக்காரர் என்று ஏசவில்லை, 'பேராசிரியர்' என்றுதான் அழைத்தார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கண் முழுக்கப் படத்திலேயே இருக்கிறது. பந்தயத்தின் பாதி, திரையின் இடது ஓரத்தில் ஓடும் எண்களில் இருக்கிறது.

பழைய மெக்கானிக்குகள் விரல்விட்டுச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. பத்து கிலோ எரிபொருள் குறைந்தால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 விநாடி வேகம் கூடும். பாதையின் நீளத்தைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். 2019இலிருந்து 2025 வரை ஒரு பந்தயத்துக்கு உச்சவரம்பு 110 கிலோ. அந்த வரம்பில் அறுபது சுற்றுப் பந்தயமென்றால் சுற்றுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எரியும். அதாவது டயர் தேயாமல் இருந்தால், ஓட்டுநர் ஒன்றும் செய்யாமலே ஒவ்வொரு சுற்றும் 0.05 விநாடி வேகமாக வேண்டும். ஒருவர் பத்துச் சுற்று தொடர்ந்து ஒரே நேரம் பதித்தால் உங்களுக்கு அது சலிப்பு. கணக்குத் தெரிந்தவருக்கு அது அவருடைய டயர் அரை விநாடியை இழந்துவிட்ட செய்தி. பக்கத்திலிருப்பவர் அதே பத்துச் சுற்றில் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வருகிறார் என்றால், டயரைக் காப்பாற்றியவர் அவர்தான். பிட் நிறுத்தம் முடிந்ததும் யார் யாரைப் பிடிப்பார் என்பது அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

டயரைக் காப்பது என்றால் மெதுவாகப் போவது என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அது வெப்பத்தைக் கட்டிவைக்கும் வேலை. வளைவில் டயர் வழுக்கினால் மேல்பரப்பு சூடாகும். சூடானால் பிடிமானம் குறையும். குறைந்தால் இன்னும் வழுக்கும். இந்தச் சுழலில் ஒருமுறை விழுந்தால் மீள்வது கஷ்டம். புது டயரோடு வெளியே வந்ததும் முதல் இரண்டு மூன்று சுற்று வெறியோடு ஓட்டுகிறவர், அந்த ஒரு விநாடி லாபத்துக்குப் பின்னால் பத்து விநாடி வட்டி கட்டுவார். அதனால்தான் பொறியாளர் 'மெதுவாக உள்ளே கொண்டுவா' என்கிறார். நோய்களும் வேறுவேறு. டயர் போதிய சூடில்லாமல் வழுக்கினால் மேல்தோல் கிழிந்து உருண்டு பொருக்காக ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் முன் டயரில். பொறுமையாக ஓட்டினால் சில சுற்றுகளில் அது தேய்ந்து சரியாகிவிடுவதும் உண்டு. உட்புறம் அளவுக்கு மேல் கொதித்தால் கொப்புளம் கிளம்பும். ரப்பரில் கருத்த குழிகள் வரிசையாகத் தெரியும். அது ஆறாது. காருக்குள்ளிருந்து வரும் படத்தில் முன் டயரை ஒரு கண்ணால் பாருங்கள், இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

'காலைத் தூக்கு' விஷயம் இன்னும் வேடிக்கை. அதை அணிகள் தாங்களே வாங்கிக்கொள்கின்றன. 110 கிலோ அனுமதி இருந்த ஆண்டுகளிலும் பல பாதைகளில் அதைவிடக் குறைவாகத்தான் நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். ஐந்து கிலோ குறைத்தால் தொடக்கத்திலேயே சுற்றுக்கு 0.15 விநாடி லாபம், கிளம்பும்போதும் கார் லேசு. பின்னால் பிரேக் போடும் இடத்துக்கு முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கொஞ்சம் உருளவிட்டு அந்தக் கடனைத் தீர்த்துக்கொள்வார்கள். விபத்து நேர்ந்து, எல்லோரையும் மெதுவாக இட்டுச்செல்லும் பாதுகாப்பு கார் வந்து நாலு சுற்று ஊர்ந்தால் கடன் தானே தள்ளுபடி.

பின்னால் வருபவர் ஏன் ஒட்டி வராமல் இரண்டு விநாடி தள்ளியே தொங்குகிறார் என்று எரிச்சலாக இருக்கும். முன் காரின் கலைந்த காற்றில் தரையோடு அழுத்தும் விசை போய்விடுகிறது. 2021 வரையிலான கார்கள் பத்து மீட்டர் நெருங்கினால் அந்த விசையில் 46 சதவீதத்தை இழந்தன. 2022இன் வடிவமைப்பு அதை 18 சதவீதமாகக் குறைக்கும் என்றது ஃபார்முலா ஒன் நிர்வாகத்தின் கணக்கு. பிறகு அணிகள் சக்கரங்களுக்கு வெளியே காற்றைத் தள்ளும் வித்தைகளைக் கண்டுபிடித்ததும் பழைய தொல்லை பாதி திரும்பிவிட்டது. ஆகவே அவர் இரண்டு விநாடி பின்னால் நிற்பது பயத்தால் அல்ல. முன் டயரை ஆறவிடுகிறார், அல்லது அண்டர்கட்டுக்குப் பதுங்குகிறார். முன்னவரைவிட ஒரு சுற்று முந்தியே பிட்டுக்குள் போய், புது டயரின் ஒன்றரை விநாடி வேகத்தால் அவரைத் தாண்டுவதுதான் அண்டர்கட். ஒன்றரை விநாடிக்குள் இருந்தால் நடக்கும், மூன்று விநாடி என்றால் அநேகமாக நடக்காது. வெளியே வரும் இடத்தில் மெதுவான கார் இருந்தாலோ, கடின ரப்பரால் ஆன ஹார்ட் டயர் சூடாக இரண்டு சுற்று எடுத்தாலோ திட்டம் கவிழும். முன்னால் போகிறவர் இடைவெளியை இரண்டரைக்கு மேல் ஏற்றிவைத்துவிட்டு 'ஊர்வலம்' போவது இதனால்தான். ரேடியோவில் வரும் புலம்பலையும் அப்படியே நம்பாதீர்கள், எதிரணியும் கேட்டுக்கொண்டிருக்கிறது. டயர் முடிந்துவிட்டது என்று அழுதுவிட்டு அடுத்த சுற்றிலேயே வேகமான நேரம் பதிப்பதில் ஹாமில்டன் பேர்போனவர்.

மெதுவாக ஓட்டி வெல்வது எப்படி என்பதற்கு 2023 சிங்கப்பூரை மறுபடி போட்டுப் பாருங்கள். சைன்ஸ் முன்னால், நாரிஸ் பின்னால். ஹார்டைவிட மென்மையான புது மீடியம் டயரோடு ரஸலும் ஹாமில்டனும் பறந்து வருகிறார்கள். சைன்ஸ் தப்பி ஓடவில்லை. நாரிஸ் ஒரு விநாடிக்குள் இருக்கும்படி வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். அதனால் நாரிஸுக்கு டி.ஆர்.எஸ். கிடைத்தது, நேர்ப்பாதையில் ரஸலால் நாரிஸைத் தாண்ட முடியவில்லை. தன்னைத் துரத்துகிறவனையே தனக்கு மதில் ஆக்கிக்கொண்டார். கடைசிச் சுற்றில் ரஸல் சுவரில் மோதினார். ரெட் புல் அந்த ஆண்டு 22 பந்தயங்களில் தோற்றது அது ஒன்றுதான். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில் அதே ரஸல், ஹார்ட் டயரில் 34 சுற்று தாக்குப்பிடித்து ஒரே நிறுத்தத்தில் முதலாவதாக வந்தார். எடை போட்டால் ஒன்றரைக் கிலோ குறைவு, வெற்றி ஹாமில்டனுக்கு. அத்தனை சுற்றில் தேய்ந்துபோன ரப்பரும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. 1985 இமோலாவின் இரண்டு கிலோ ஞாபகம் வருகிறதா?

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. 2024 மொனாக்கோவில் முதல் சுற்று விபத்தில் பந்தயம் நிறுத்தப்பட்டபோது எல்லோரும் டயரை மாற்றிக்கொண்டார்கள். அப்புறம் நடந்தது அப்பட்டமான ஊர்வலம். முதல் பத்துப் பேர் கிளம்பிய வரிசையிலேயே முடித்தார்கள். 2025இல் இரண்டு நிறுத்தம் கட்டாயம் என்றார்கள். அணிகள் ஒருவரை விட்டுப் பின்னால் வருவோரை மறிக்கச் சொல்லி அந்த விதியையும் கேலிக்கூத்தாக்கின. இரண்டு மீட்டர் அகலம், ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள வண்டியை அந்தச் சந்தில் விட்டால் வேறென்ன நடக்கும்? 2008இல் ஓட்டுநரையும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை 605 கிலோதான். ஒலி விஷயத்தில் மறுப்பே இல்லை. நிமிடத்துக்கு 19,000 சுழற்சியில் அலறிய மூன்று லிட்டர், பத்து சிலிண்டர் வி10 எஞ்சினுக்கு ஈடு எதுவும் இதுவரை வரவில்லை.

2026 விதிகள் காரை 1.9 மீட்டருக்கும் 768 கிலோவுக்கும் இறக்கியிருக்கின்றன, டி.ஆர்.எஸ். போய்விட்டது. ஆனால் ஒரு எச்சரிக்கை. மின்மோட்டாரின் திறன் 120 கிலோவாட்டிலிருந்து 350 ஆகிறது. அந்தப் பசிக்கு பேட்டரி ஒரு சுற்றுகூட முழுக்கத் தாங்காது. இனி டயரோடு மின்சாரத்தையும் அளந்துதான் செலவு செய்ய வேண்டும், உங்களுக்குப் பிடிக்காதது கூடத்தான் செய்யும்.

அடுத்த பந்தயத்தில் அடுத்தடுத்து ஓடும் இருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது சுற்றிலிருந்து இருபதாவது சுற்றுவரை அவர்கள் நேரத்தையும் நடுவிலுள்ள இடைவெளியையும் ஒரு தாளில் குறித்துவாருங்கள். யார் முதலில் பிட்டுக்குள் போவார் என்று, அவர் போவதற்கு எத்தனை சுற்று முன்னால் கண்டுபிடித்தீர்கள் என்பதை எழுதுங்கள். ஊர்வலமா இல்லையா என்பதை அப்புறம் பேசலாம்.