வேலைக்காரியின் பிடி

வணக்கம்.

கிம் கி-யங்கின் ‘தி ஹவுஸ்மெய்ட்’ (1960), இம் சாங்-சூவின் 2010 மறுஆக்கம் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். முதலாவதில் வேலைக்காரி குடும்பத்தையே அழிக்கிறாள். இரண்டாவதில் அவள் அப்பாவி, பணக்காரர்களே கொடியவர்கள். கொரிய சினிமா வேலைக்காரப் பெண்ணின் பக்கம் வந்துவிட்டது எனலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அனுதாபம் கூடியிருக்கிறது. ஆனால் அவள் கையிலிருந்த பிடி போய்விட்டது.

1960 படத்தின் குடும்பம் பணக்காரக் குடும்பம் அல்ல. கணவன் ஆலைப் பெண்களுக்கு இசை சொல்லித்தருபவன். மாடி வீட்டுக்காக மனைவி ராப்பகலாகத் தையல் மெஷினில் உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட பிறகே வேலைக்கு ஆள் வருகிறாள். கணவனுக்கும் வேலைக்காரிக்கும் ஏற்பட்ட உறவு ஆலைக்குத் தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். வேலைக்காரியின் ஆயுதம் இந்தப் பயம்தான், எலி விஷம் அதற்கப்புறம். மகன் மாடிப்படியில் விழுந்து செத்த பிறகும் குடும்பம் வாய் திறப்பதில்லை. மனைவி புருஷனையே விட்டுக்கொடுக்கிறாள்.

2010இன் மாளிகைக்காரனுக்கு எது வெளியே தெரிந்தாலும் நஷ்டமில்லை. படுத்தெழுந்ததற்குக் காசோலை நீட்டுகிறான், கணக்கு முடிந்தது. மிரட்ட எதுவுமில்லாதவளுக்கு மிஞ்சுவது தன் உடம்பு. குடும்பத்தின் கண்ணெதிரே தூக்கில் தொங்கி எரிகிறாள். கடைசிக் காட்சியில் அதே குடும்பம் மகளின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறது.

சட்டமும் துணையில்லை. தென்கொரியாவில் 1953இன் தொழிலாளர் தரச் சட்டம் வீட்டுவேலைக்காரர்களை விலக்கியே வைத்தது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டமும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாக வேலை செய்பவர்களுக்கு மட்டுமே.

வேலைக்காரியின் கருவைக் கலைக்கப் பார்க்கும் காட்சிகளைத் திரும்பப் பாருங்கள். 1960இல் மனைவிதான் அவளைப் படியிலிருந்து விழச்சொல்கிறாள். 2010இல் ஏணியைத் தட்டிவிடுவது மனைவியின் தாய். இரண்டிலும் ஆண் கை கறைபடுவதில்லை. படங்களுக்கு இது தெரிந்தே இருக்கிறது, விமர்சனங்கள்தான் ‘பெண்களின் பொறாமை’ என்று எழுதித் தாண்டிவிடுகின்றன.

இன்னொன்று. 2010இல் மூத்த வேலைக்காரியாக வரும் யூன் யோ-ஜங், கிம் கி-யங் தன் கதையையே மறுபடி எடுத்த 1971 படத்தில் சினிமாவுக்கு அறிமுகமானவர். 2010இல் அந்த மூத்தவள்தான் இளையவளின் கர்ப்பத்தை முதலில் மோப்பம் பிடித்து எஜமானியின் தாயிடம் போய்ச் சொல்கிறாள். கொரியப் படமான ‘பாரசைட்’டின் (2019) நிலவறையில் இரண்டு வேலைக்காரக் குடும்பங்கள் அடித்துக்கொள்வதற்கான வித்து அங்கே இருக்கிறது. பிறகு மேலே சோபாவில் வந்து படுக்கும் வீட்டுக்காரர்களுக்கு அந்தச் சண்டை நடந்ததுகூடத் தெரிவதில்லை.