மழையா, வியர்வையா?

கேள்வி: மலையேற்றத்துக்கு வாங்கிய நீர்புகா ஜாக்கெட், இரண்டே ஆண்டில் உள்ளே நனைகிறது. துணிக்குள் இருக்கும் நீர்தடுப்புச் சவ்வு கிழிந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 1969-இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர், சூடாக்கிய டெஃப்லான் தண்டை வெடுக்கென இழுத்தபோது கிடைத்த நுண்துளைப் பொருளே இவ்வகைச் சவ்வுகளுக்கு முன்னோடி. நீர்த்துளி நுழையாது; வியர்வை ஆவி வெளியேறும். அருமையான கண்டுபிடிப்பு! ஆனால் வெளித்துணியின் நீர்விலக்குப் பூச்சு அழுக்காலும் உராய்வாலும் தேய்ந்தால், துணி தண்ணீரைக் குடித்து ஊறிவிடும். ஆவி வெளியேறும் வழி அடைபட்டு, வியர்வை உள்ளேயே நீராகிறது. நீங்கள் மழை என்று நினைப்பது அதுதான்.

தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக உருண்டால் பூச்சு நலம். துணி கருத்து ஊறினால் போய்விட்டது. ஜிப்பை மூடி, சிறிதளவு திரவச் சோப்பில், 40 டிகிரியில் துவைத்து இருமுறை அலசுங்கள். துணி மென்மையூட்டி கூடவே கூடாது. அதன் படலம் நீரை ஈர்க்கும். பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால், உலர்ந்தபின் டிரையரில் மிதச்சூட்டில் மேலும் 20 நிமிடம் ஓட்டுங்கள். அந்தச் சூடுதான் பூச்சை மீட்கிறது. அதற்கும் முத்து உருளாவிட்டால் நீர்விலக்கு ஸ்பிரே அடிக்கலாம்.

தையல்மேல் ஒட்டிய நாடா உரிந்திருந்தால் மட்டும் கதை வேறு: அது உண்மையான ஒழுகல், துவைத்துத் தீராது.