சீட்டைத் தள்ளி எடுத்து போலோவுக்குப் பெரிய டர்போ மாட்டலாமா?

கேள்வி: வயது 32. கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலை. பிடித்தம் போக 88,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 31,000. என்னிடம் 2021 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) மேனுவல் இருக்கிறது. 62,000 கி.மீ. ஓடியாயிற்று, கார் லோன் முடிந்துவிட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்று சத்தம் வருகிறது. எப்படியும் சஸ்பென்ஷனை மாற்ற வேண்டும், அதோடு சேர்த்து டர்போவையும் பெரிதாக்கிவிடலாம் என்று ஆசை. டியூனிங் கடையில் காயிலோவருக்கு (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் செட்) 1,30,000 கேட்கிறார்கள். ஹைப்ரிட் டர்போ (பழைய டர்போவின் இடத்திலேயே உட்காரும் பெரியது), ரீமேப் (இன்ஜின் மென்பொருளை மாற்றி எழுதுவது), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), இன்டேக், கிளட்ச் எல்லாம் சேர்த்து 3,40,000. போனஸ் 1,60,000 வந்திருக்கிறது. 5 லட்ச ரூபாய் சீட்டு ஒன்று (25 மாதம், மாதம் 20,000) கட்டி வருகிறேன். 7-வது ஏலத்தில் தள்ளி எடுத்தால் (ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்னதாக எடுப்பது) 3,75,000 கிடைக்கும். பாப்பாவின் ஸ்கூல் அட்மிஷனுக்காகப் போட்ட சீட்டு என்பதால் மனைவிக்கு இதில் விருப்பமில்லை. எஃப்டி 2 லட்சம் தனியாக இருக்கிறது. எப்போதாவது செட்டிபாளையம் டிராக்கில் ஓட்டிப் பார்க்கவும் எண்ணம் உண்டு. செய்யலாமா?

பதில்: சஸ்பென்ஷனைச் செய்யுங்கள், போனஸ் பணத்திலேயே. டர்போ வேண்டாம். சீட்டின் பக்கமே போகாதீர்கள்.

62,000 கி.மீ. ஓடிய வண்டிக்கு சஸ்பென்ஷன் வேலை என்பது தேய்மானச் செலவு. நீங்கள் ஆசைப்பட்டாலும் படாவிட்டாலும் அது வந்தே தீரும். டர்போ முழுக்க ஆசைச் செலவு. இரண்டையும் ஒரே பில்லில் போட்டுக் கொடுத்தால் 'எப்படியும் செலவுதானே' என்ற எண்ணத்தில் பெரிய தொகையும் சின்னதாகத் தெரியும். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் வியாபாரம் அது. கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டியது நீங்கள்.

முதலில் சீட்டு. தள்ளி எடுப்பதைக் கடன் என்று யாரும் நினைப்பதில்லை, 'என் பணத்தைத்தானே எடுக்கிறேன்' என்பார்கள். நீங்கள் இதுவரை கட்டியது 6 தவணை. கழிவு (மற்றவர்கள் தள்ளியதில் உங்களுக்கு வந்த பங்கு) போக ஒரு லட்சம் சொச்சம் கட்டியிருப்பீர்கள். எடுக்கப்போவது 3,75,000. மிச்சமெல்லாம் மற்றவர்கள் பணம். கடைசி மாதம் வரை பொறுத்திருந்தால் கம்பெனி கமிஷன் 5 சதவீதம் போக 4,75,000 வரும் (கமிஷன் மீதான ஜிஎஸ்டியை ஓரமாக வைக்கிறேன்). இப்போதே வேண்டும் என்பதற்காக ஒரு லட்சத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாதத் தவணை ஒன்றுதான் என்பதால், 18 மாதம் முன்னதாக வாங்குவதற்கான விலை அந்த ஒரு லட்சம். ஆண்டுக் கூட்டு வட்டியாகப் போட்டால் ஏறக்குறைய 17 சதவீதம். ஒழுங்காகத் தவணை கட்டும் ஐடி ஊழியருக்கு வங்கியில் பர்சனல் லோனே இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும். அதை வாங்கச் சொல்லவில்லை. நீங்கள் யோசித்த வழி அதைவிட விலை கூடியது என்பதற்காகச் சொன்னேன். சீட்டு எடுத்தவர் மீதித் தவணைக்கு ஜாமீன் கொடுக்க வேண்டும். கூட வேலை பார்க்கும் இரண்டு பேரிடம் போய், டர்போ மாட்டுவதற்காகக் கையெழுத்துக் கேட்பீர்களா?

அடுத்து அந்த 3,40,000. அது அத்தோடு நிற்காது என்பதுதான் என் கவலை. உங்கள் 999 சிசி இன்ஜின் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 110 பிஎஸ் சக்தியும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. அதோடு வரும் 6 கியர் மேனுவல் பெட்டி சுமார் 200 நியூட்டன் மீட்டர் வரை தாங்குவதற்கென்று வடிவமைத்தது. வெறும் ரீமேப்பிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். பெரிய டர்போ அதையும் தாண்டும். நிறையக் காற்றை உள்ளே தள்ளினால் அதற்கேற்ற பெட்ரோல் வேண்டும், அதற்கு இன்ஜெக்டரும் உயர் அழுத்தப் பம்பும் ஈடுகொடுக்க வேண்டும். சூடு கூடும். இந்த வகை இன்ஜினில் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே தண்ணீரால் குளிரும்படி உட்கார்ந்திருக்கிறது, முன்னால் பெரிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போக முடியாது. கிளட்சைக் கடைக்காரரே பில்லில் சேர்த்துவிட்டார், நேர்மையான ஆள். பட்டியலில் இல்லாதது, பிறகு வரப்போகும் கியர்பாக்ஸ் வேலை.

பெட்ரோலையும் கணக்கில் வையுங்கள். டியூன் செய்த டர்போ இன்ஜினுக்கு உயர் ஆக்டேன் (நாக் ஆவதைத் தாங்கும் தரம் கூடிய) பெட்ரோல் போடச் சொல்வார்கள். மாதம் 1,000 கி.மீ., லிட்டருக்கு 14 கி.மீ. என்றால் 71 லிட்டர். லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதல் என்று வைத்தாலும் மாதம் 500. பெரிய தொகை இல்லை. ஆனால் ஒட்டன்சத்திரம் தாண்டி ஏதோ ஒரு சிறு பங்கில் சாதா பெட்ரோல் மட்டும் இருக்கும் நாளில், இன்ஜின் நாக் ஆகாமல் (எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டாமல்) இருக்க வேண்டுமே என்று கால் பெடலைத் தடவிக்கொண்டே வீடு வந்து சேர வேண்டும். அந்த அவஸ்தைக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

பண விஷயத்தில் இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை இன்சூரன்ஸில் இருக்கிறது. ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 4 முதல் 5 வயது வரையான காருக்கு வழக்கமான தேய்மான அட்டவணைப்படி ஷோரூம் விலையில் பாதியைக் கழிப்பார்கள். 5 வயதுக்கு மேல் கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்வது. எப்படிப் பார்த்தாலும் உங்கள் ஐடிவி, இந்த 4,70,000 பில்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதாவது, வண்டியின் விலையை இன்னொரு முறை வண்டிக்குள்ளேயே போடுகிறீர்கள். திருடு போனாலோ முழு நஷ்டம் ஆனாலோ அந்த இரண்டாவது விலையில் ஒரு பைசா திரும்ப வராது. வெளியே மாட்டிய மியூசிக் சிஸ்டம் போன்றவற்றை அறிவித்து, தனி பிரீமியம் கட்டி, பாலிசியில் சேர்க்கலாம். இன்ஜினுக்குள் செய்த மாற்றம் அந்தக் கணக்கில் வராது.

அறிவிக்காமல் விட்டால்? விபத்துக்குப் பிறகு சர்வேயர் பானெட்டைத் திறந்து படம் எடுப்பார். தொழிற்சாலை ஏர் பாக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு சிலிக்கான் குழாயும் கூம்பு வடிவ ஃபில்டரும் இருந்தால் அவர் ரிப்போர்ட் வேறு மாதிரி ஆகிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சி விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டர்போ மாற்றம் இந்தப் பிரிவுக்குள் வருமா வராதா என்று வக்கீல் வைத்து வாதாடலாம். கேடலிடிக் கன்வர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) கழற்றிய டவுன்பைப்புக்கு அந்த வாதமும் நிற்காது, அது நேரடியான புகை விதி மீறல். அபராதத்தைக் கட்டிவிடலாம், ஓன் டேமேஜ் (உங்கள் வண்டியின் சேதத்துக்கான) கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால்தான் அடி பலமாக விழும். எதிரே வந்தவருக்கு அடிபட்டு, பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று நிரூபணமானால், கம்பெனி அவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க வரும் நிலையும் உண்டு. வீட்டுக் கடன் ஓடும் வீட்டில் அந்த ஆபத்து தேவையா?

செட்டிபாளையம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரருக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். உங்கள் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியை எடுத்துப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குக் காப்பீடு கிடையாது என்று அங்கே எழுதியிருக்கும். டிராக்கில் சுவரில் உரசினால் முழுச் செலவும் உங்களுடையது, அது பெரிய டர்போ மாட்டாத வண்டியாக இருந்தாலும். போகிற அன்று, உடைந்தால் கையிலிருந்து கட்ட முடிகிற அளவுக்குள் ஓட்டுங்கள். நல்ல பிரேக் பேடும் புதிய பிரேக் ஆயிலும் இருந்தால் 110 பிஎஸ் அந்தச் சின்ன டிராக்குக்குத் தாராளம்.

இனி சஸ்பென்ஷன். இங்கே சிக்கனத்துக்கு இடம் நிறைய இருக்கிறது. அந்த 'டொக்' சத்தத்துக்கு டேம்பர்தான் (ஷாக் அப்சார்பர்) காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஸ்பிரிங் சுருண்டு 'டொய்ங்' என்று குதித்தால் ஸ்ட்ரட் மவுண்டும் பேரிங்கும் போயிருக்கலாம். மெதுவாகப் போகும்போது சின்னக் குழிகளில் தட்டினால் லிங்க் ராடையோ லோயர் ஆர்ம் புஷ்ஷையோ பாருங்கள். இவை எல்லாம் ரப்பரும் சிறு இரும்பும்தான், டேம்பரோடு ஒப்பிட்டால் விலை கொஞ்சம். லிஃப்டில் ஏற்றி, டேம்பர் உடம்பில் ஆயில் கசிந்து மண் அப்பியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

டேம்பர் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு நல்ல டேம்பர் மட்டும் போடுங்கள். பில்ஸ்டீன் வாங்குவதானால் பி6 கேளுங்கள், பி8 வேண்டாம். பி6 தொழிற்சாலை ஸ்பிரிங்குக்கானது, பி8 வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்குக்கானது. பட்ஜெட் இடிக்கிறதா, கம்பெனி டேம்பரே போதும். புதிய கம்பெனி டேம்பரும் புதிய புஷ்ஷும் போட்ட போலோவை ஓட்டிப் பார்த்தால், நீங்கள் தேடிய 'இறுக்கம்' பாதிக்கு மேல் அதிலேயே கிடைத்துவிடும். வண்டி வாங்கிய முதல் வருடம் அது அப்படித்தான் இருந்தது, உங்களுக்கு மறந்திருக்கும்.

காயிலோவர் ஏன் வேண்டாம் என்பதற்குப் பணக் காரணமே போதும். இங்கே விற்கும் போலோ, நம் சாலைக்காக உயர்த்தி வடிவமைத்தது. ஐரோப்பிய போலோவுக்குச் செய்த கிட்டில் '35 மி.மீ. தாழும்' என்று போட்டிருந்தால் அது அந்த ஊர் உயரத்திலிருந்து கணக்கு. நம் வண்டியில் அதைவிடக் கூடுதலாக இறங்கும். இறங்கிய வண்டி சத்தி ரோட்டு வேகத்தடைகளில் எதையெல்லாம் உரசும் என்று சொல்லத் தேவையில்லை. மண்ணும் மழைநீரும் திருகு மரைகளில் ஏறி இறுகிவிட்டால், உயரத்தை மாற்றலாம் என்று கொடுத்த காசு வீண். டேம்பர் கசிந்தால் பாகம் வெளிநாட்டிலிருந்து வரும் வரை வண்டி செட்டில் நிற்கும், நீங்கள் கால் டாக்சியில் ஆபீஸ் போவீர்கள்.

என் கணக்கு இது. டேம்பர், மவுண்ட், புஷ், கூலி எல்லாம் சேர்த்து 80,000-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கடையில் எழுத்துப்பூர்வமாக விலை வாங்குங்கள். டயர் தேய்ந்திருந்தால் நான்கும் மாற்ற 35,000 ஒதுக்குங்கள். சாலையைப் பிடிப்பதில் டயர் செய்வதை எந்த டர்போவும் செய்யாது. மீதி 45,000 எஃப்டியோடு சேரட்டும். வீட்டுக் கடனும் சீட்டும் சேர்ந்து மாதம் 51,000 வரை கட்டுகிறீர்கள். வீட்டுச் செலவையும் கூட்டினால் 2 லட்சம் இரண்டரை மாதத்தைத் தாண்டாது. ஐடியில் இன்றைய நிலவரத்துக்கு அது பத்தாது, 5 லட்சத்தை நோக்கிக் கொண்டுபோங்கள்.

ரீமேப் மட்டுமாவது செய்யலாமா என்று அடுத்த மெயிலில் கேட்பீர்கள், தெரியும். டர்போவை மாற்றாமல், கன்வர்ட்டரைக் கழற்றாமல், நிதானமான ஒரு ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகங்களை மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றுவது) என்றால் செலவின் அளவில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் சஸ்பென்ஷன் வேலை முடிந்து ஆறு மாதம் ஓட்டிய பிறகு, எஃப்டியைத் தொடாமல், கிளட்சுக்கான பணத்தையும் தனியே எடுத்துவைத்துவிட்டுச் செய்யுங்கள். செய்வதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் முடியாது என்றால் விட்டுவிடுங்கள். நீட்டித்த வாரண்டி ஏதாவது எடுத்திருந்தால் இந்த யோசனையே வேண்டாம். இன்ஜின் மென்பொருளில் கை வைத்தது டீலரின் கணினியில் தெரிந்துவிடும், பழையபடி மாற்றி எழுதினாலும் தடயம் இருக்கும்.

விற்கும்போது இதெல்லாம் விலையைக் கூட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2022-ல் இந்தியாவில் போலோ உற்பத்தி நின்றதிலிருந்து, கை படாத டிஎஸ்ஐ வண்டியைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது சர்வீஸ் பில், அடுத்தது 'டியூன் பண்ணியிருக்கா?' என்பது.

7-வது ஏலத்துக்குப் போங்கள், ஆனால் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருங்கள். வேறு யாராவது அதே 1,25,000-க்குத் தள்ளி எடுத்தால், கமிஷன் 25,000 போக மிச்சம் ஒரு லட்சம் 25 பேருக்குக் கழிவாகப் பிரியும். உங்கள் பங்கு 4,000. டேம்பர் மாற்றியதும் வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டியிருக்கும், அந்தச் செலவு அதிலேயே முடிந்துவிடும்.